வீடெஸ்ட்டும் மூன்று சாய்கோட்டு வரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாகர்கோவில் வடசேரியில் ஒரு மாடி அறையில் ஏழெட்டுப் பேர் லேப்டாப்போடு கூடுவோம். படித்து முடித்து வேலை தேடுகிறவர்கள், புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் மறுபடி கோட் எழுத வந்தவர்கள் என்று கலவையான கூட்டம். பழகுவதற்காக ஒரு சின்ன ப்ராஜெக்ட் வைத்திருக்கிறோம். ரப்பர் பால் கணக்கு. தோட்டக்காரர் எத்தனை கிலோ பால் கொடுத்தார், அதன் டிஆர்சி (பாலில் உள்ள உலர் ரப்பரின் பங்கு) எத்தனை சதவீதம், அப்படியானால் உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று சொல்லும். 40 கிலோ பால், டிஆர்சி 32 என்றால் 12.8 கிலோ.

கணக்கு மூன்று வரி. அதற்கு டெஸ்ட் எழுத ஐந்து நிமிடம். கான்ஃபிக் ஃபைலில், அதாவது ப்ராஜெக்டின் அமைப்புகளை எழுதி வைக்கும் ஃபைலில், பிழை என்று எடிட்டர் போடும் சிவப்பு நெளிகோட்டைப் போக்கத்தான் சாயங்காலம் ஆகிவிடுகிறது. ஒரே சந்தேகம் வாராவாரம் வேறு வேறு வாயிலிருந்து வருவதால், கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்துவிட்டேன்.

எங்கள் ப்ராஜெக்டில் பில்ட் செய்ய வீட் என்ற கருவி, எழுத டைப்ஸ்கிரிப்ட் (ஒவ்வொரு மதிப்பும் எண்ணா எழுத்தா என்று அதன் வகையை, அதாவது டைப்பை, சரிபார்க்கும் ஜாவாஸ்கிரிப்ட்), திரைக்கு ரியாக்ட், டெஸ்ட்டுக்கு வீடெஸ்ட். இங்கே சொல்வது வீடெஸ்ட் 2.1 பதிப்பிலிருந்து பொருந்தும். போனில் சொல்லிக் கொடுப்பதுபோல கோட் வரிகளையும் ஒலிப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

அண்ணே, கான்ஃபிக் ஃபைல் தலையில மூணு சாய்கோடு போட்டு ஒரு வரி கெடக்கே, அது கமெண்ட்தானே? அழிச்சிரலாமா?

பார்க்கக் கமெண்ட் மாதிரிதான் இருக்கும்:

`/// <ரெஃபரன்ஸ் டைப்ஸ்="வீடெஸ்ட்/கான்ஃபிக்" />`

ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அது கமெண்ட்தான், ஓடும்போது கண்டுகொள்ளாது. டைப்ஸ்கிரிப்ட்டுக்கு அது ஒரு கட்டளை. "இந்த ஃபைலைப் படிப்பதற்கு முன் வீடெஸ்ட் பேக்கேஜில் கான்ஃபிக் என்ற டைப் விவரத்தையும் எடுத்து வைத்துக்கொள்" என்று பொருள். இரண்டு சாய்கோடு போட்டால் வெறும் கமெண்ட், மூன்று போட்டால் கட்டளை. இந்த ஒரு கோட்டு வித்தியாசத்தைக் கண்டுபிடித்தவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

இதற்குத் தேவை ஏன் வந்தது? வீட் கான்ஃபிக்கில் `டெஸ்ட்` என்ற பகுதி வீட்டுக்குச் சொந்தமானது அல்ல. அதைக் கொண்டுவந்தது வீடெஸ்ட். வீட்டின் டைப் விவரத்தில் ப்ளகின்ஸ், சர்வர், பில்ட் என்றெல்லாம் இருக்கும், `டெஸ்ட்` இருக்காது. வீடெஸ்ட் தன் டைப் ஃபைலில் "வீட்டின் கான்ஃபிக்கில் டெஸ்ட் என்று ஒரு பகுதியும் வரலாம்" என்று கூட்டிச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தச் சேர்க்கையை டைப்ஸ்கிரிப்ட்டின் கண்ணுக்குக் காட்டத்தான் இந்த வரி. ஆகவே அழிக்காதீர்கள்.

டெஸ்ட் எல்லாம் பச்சையா பாஸ் ஆகுது, எடிட்டர்ல மட்டும் `டெஸ்ட்` கிட்ட சிவப்புக் கோடு. இதுல எதை நம்புறது?

இரண்டையும் நம்பலாம். இரண்டு பேரும் வேறு வேறு வேலை பார்க்கிறார்கள். சாதாரணமாக ஓட்டும்போது வீடெஸ்ட் உங்கள் டைப்களைச் சரிபார்ப்பதே இல்லை. தேங்காய்க்கு மட்டையை உரிப்பதுபோல டைப்களை உரித்துப் போட்டுவிட்டு உள்ளே இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும். `டெஸ்ட்` பகுதி அங்கே இருந்தால் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். சிவப்புக் கோடு போடுவது எடிட்டருக்குள் ஓடிக்கொண்டிருக்கும் டைப்ஸ்கிரிப்ட். அதற்கு மேலே சொன்ன சேர்க்கை தெரியாததால் 2769 என்ற எண்ணோடு, இந்த அழைப்புக்கு எந்த வடிவமும் பொருந்தவில்லை என்று நீளமாகத் திட்டும். அந்தத் திட்டின் கடைசி வரியைப் படியுங்கள். `டெஸ்ட்` என்ற பெயர் இந்த டைப்பில் இல்லை என்பது அங்கேதான் இருக்கும்.

எந்தப் பிழை வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: திட்டுவது யார், எடிட்டரா டெர்மினலா? கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

அப்போ கோடு வந்தா வந்துட்டுப் போகட்டும்னு விட்டுரலாமா? ஓடுதுல்லா?

நானும் அப்படி விட்டவன்தான். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபைலைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அந்த 'கமெண்ட்'டை அழித்தேன். டெஸ்ட் ஓட்டினேன், எல்லாம் பாஸ். அனுப்பிவிட்டு மார்த்தாண்டம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். தக்கலை தாண்டுவதற்குள் போன் வந்தது, பில்ட் உடைந்து கிடக்கிறது என்று. பஸ்ஸில் இருந்தபடியே லேப்டாப்பைத் திறந்து அந்த ஒரு வரியைத் திருப்பிப் போட்டேன்.

ஏன் உடைந்தது? வீட் கொடுக்கும் ரியாக்ட் டைப்ஸ்கிரிப்ட் டெம்ப்ளேட்டில் பில்ட் கட்டளை இரண்டு பகுதி. முதலில் `டிஎஸ்சி -பி` (டிஎஸ்சி என்பது டைப்ஸ்கிரிப்ட்டின் கம்பைலர்) ஓடும், அது தேறினால்தான் `வீட் பில்ட்`. அந்த டிஎஸ்சி கான்ஃபிக் ஃபைலையும் சேர்த்துச் சரிபார்க்கும். எடிட்டரில் நீங்கள் கண்டும் காணாமல் விட்ட கோடு அங்கே பிழையாகி பில்ட்டையே நிறுத்திவிடும். டெஸ்ட் பாஸ் ஆவது டைப் சரி என்பதற்குச் சாட்சி இல்லை.

அண்ணா, இந்த வரிய எந்த ஃபைல்ல போடணும்? ஒவ்வொரு டெஸ்ட் ஃபைல்லயும் போடணுமா?

வேண்டாம். `டெஸ்ட்` பகுதி எந்த ஃபைலில் இருக்கிறதோ அங்கே மட்டும், அதாவது வீட் கான்ஃபிக் ஃபைலின் முதல் வரியாக. டெஸ்ட் ஃபைல்களில் நீங்கள் `டெஸ்ட்`, `எக்ஸ்பெக்ட்` இரண்டையும் வீடெஸ்ட்டிலிருந்து இம்போர்ட் செய்தால், இம்போர்ட்டோடு டைப்பும் கூடவே வந்துவிடும். தனியாக ரெஃபரன்ஸ் தேவையில்லை.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், பல டுடோரியல்கள் "இந்த வரியைச் சேர்க்கவும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, எந்த ஃபைலில் என்று சொல்லாததுதான். குளச்சலிலிருந்து வரும் ஒரு தங்கச்சி பதினொரு டெஸ்ட் ஃபைலிலும் அதை ஒட்டி வைத்திருந்தாள். கான்ஃபிக் ஃபைலில் மட்டும் இல்லை.

ஒரு வீடியோவுல வெறும் வீடெஸ்ட்னு போடுறாங்க, இன்னொண்ணுல வீடெஸ்ட் சாய்கோடு கான்ஃபிக்னு போடுறாங்க. எது சரி?

இரண்டாவது. முதலாவது பழைய வழக்கம். 2.1 பதிப்பு 2024-இல் வந்தபோதே கான்ஃபிக் சேர்த்த வடிவத்துக்கு மாறிக்கொள்ளலாம், வெறும் `வீடெஸ்ட்` என்று போடுவது அடுத்த பெரிய பதிப்பில் வேலை செய்யாமல் போகும் என்று ஆவணத்திலேயே எச்சரித்துவிட்டார்கள். பழைய வீடியோவைப் பார்த்து எழுதியது இன்றைக்கு உங்களுக்கு ஓடினாலும் மாற்றிவிடுங்கள். வேலை ஒரு சொல் சேர்ப்பதுதான்.

பதிப்பு தெரியாமல் வீடியோ பார்க்காதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். யாரும் கேட்பதில்லை, நானும் கேட்டதில்லை.

அந்த வரியே இல்லாம செய்ய வழி இல்லையா? பாக்கவே அசிங்கமா இருக்கு.

இருக்கிறது. `டிஃபைன்கான்ஃபிக்` என்ற ஃபங்ஷனை எங்கிருந்து இம்போர்ட் செய்கிறீர்கள் என்று பாருங்கள். `வீட்` என்று இருந்தால் `வீடெஸ்ட்/கான்ஃபிக்` என்று மாற்றுங்கள். அதே பெயரில் அங்கேயும் ஒரு ஃபங்ஷன் உண்டு, அதற்கு `டெஸ்ட்` பகுதி முதலிலிருந்தே தெரியும். இப்படிச் செய்தால் மூன்று சாய்கோட்டு வரி வேண்டாம்.

இரண்டில் எது நல்லது? புது ப்ராஜெக்ட் என்றால் நான் இம்போர்ட்டைத்தான் மாற்றுவேன். அது சாதாரண கோட், யாரும் கமெண்ட் என்று நினைத்து அழிக்க மாட்டார்கள், பெயர் தப்பாக இருந்தால் உடனே கத்தும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ப்ராஜெக்டில் மற்றவர்கள் ரெஃபரன்ஸ் வரி போட்டு வைத்திருந்தால் அதை அப்படியே விட்டுவிடுவேன். இரண்டையும் சேர்த்துப் போட்டாலும் கெடுதல் இல்லை, பயனும் இல்லை.

நீங்க சொன்னபடியே போட்டாச்சி, ஆனாலும் கோடு போகல.

அதிகம் நடப்பது இடம் தவறுவது. இந்த வரிக்கு மேலே கமெண்ட் இருக்கலாம், இன்னொரு மூன்று சாய்கோட்டு வரி இருக்கலாம், வேறு எதுவும் இருக்கக் கூடாது. ஒரே ஒரு இம்போர்ட் மேலே வந்துவிட்டாலும் டைப்ஸ்கிரிப்ட் இதைச் சாதாரணக் கமெண்ட்டாக எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும், பிழைகூடக் காட்டாது. இம்போர்ட்களை வரிசைப்படுத்தும் ஃபார்மேட்டர் எதையாவது மேலே தள்ளிவிட்டதா என்றும் பாருங்கள்.

அடுத்தது மேற்கோள் குறி. வாட்ஸாப்பில் வந்த வரியை நகலெடுத்து ஒட்டுகிறவர்கள் கவனியுங்கள். சில போன்கள் நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாக மாற்றிவிடும். கண்ணுக்கு அழகாக இருக்கும், டைப்ஸ்கிரிப்ட்டுக்குப் புரியாது. எங்கள் அறையில் ஒருவர் இதற்காக முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அழித்துவிட்டுக் கையால் தட்டியதும் சரியாகிவிட்டது.

இரண்டும் சரியாக இருந்தால் வீடெஸ்ட் உண்மையிலேயே நிறுவப்பட்டிருக்கிறதா பாருங்கள். கிட்டிலிருந்து புதிதாக எடுத்த ப்ராஜெக்டில் `என்பிஎம் இன்ஸ்டால்` கொடுக்க மறப்பது சாதாரணம். அப்போது 2688 என்ற எண்ணில், டைப் விவர ஃபைல் கிடைக்கவில்லை என்று வரும். அதற்கும் பிறகு கோடு நின்றால் விஎஸ் கோடில் கட்டளைப் பட்டியலைத் திறந்து டைப்ஸ்கிரிப்ட் சர்வரை மறுதொடக்கம் செய்யுங்கள். பழைய நினைவிலேயே அது உட்கார்ந்திருக்கும்.

கான்ஃபிக் சரியாயிட்டு. இப்போ டெஸ்ட் ஃபைல்ல `டெஸ்க்ரைப்` தெரியாதுங்குது, ஜெஸ்ட் டைப் இன்ஸ்டால் பண்ணுன்னு அதுவே சொல்லுது. பண்ணட்டுமா?

பண்ணாதீர்கள்! 2582 என்ற அந்தப் பிழை, டெஸ்ட் கருவி என்றால் ஜெஸ்ட் அல்லது மோக்கா என்று நினைத்து யோசனை சொல்கிறது. நீங்கள் வைத்திருப்பது வீடெஸ்ட் என்று அதற்குத் தெரியாது. அந்த யோசனையைக் கேட்டு `@டைப்ஸ்/ஜெஸ்ட்` போட்டால் கோடு உடனே மறையும், வேறு வினை பின்னால் வரும். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

வீடெஸ்ட்டில் `டெஸ்க்ரைப்`, `எக்ஸ்பெக்ட்` எல்லாம் தானாக வராது. ஒவ்வொரு ஃபைலிலும் இம்போர்ட் செய்ய வேண்டும். எனக்கு இதுதான் பிடிக்கும், எங்கிருந்து வருகிறது என்று கண்ணெதிரே தெரிகிறதே. இம்போர்ட் இல்லாமல்தான் எழுதுவேன் என்றால் இரண்டு இடத்தில் சொல்ல வேண்டும். கான்ஃபிக்கின் `டெஸ்ட்` பகுதியில் `குளோபல்ஸ்: ட்ரூ`. டைப்ஸ்கிரிப்ட்டின் அமைப்பு ஃபைலான டிஎஸ்கான்ஃபிக்கில் கம்பைலர் ஆப்ஷன்ஸுக்குள் `டைப்ஸ்` பட்டியலில் `வீடெஸ்ட்/குளோபல்ஸ்`.

முதலாவது ஓட்டுகிறவருக்கு, அதாவது வீடெஸ்ட்டுக்கு. இரண்டாவது எடிட்டருக்கு. முதலாவதை மட்டும் செய்தால் டெஸ்ட் ஓடும், எடிட்டர் சிவக்கும். இரண்டாவதை மட்டும் செய்தால் எடிட்டர் வாயே திறக்காது, டெர்மினலில் `டெஸ்க்ரைப்` வரையறுக்கப்படவில்லை என்று விழும். மேலே சொன்ன "திட்டுவது யார்" கேள்வியை இங்கே போட்டுப் பாருங்கள், எதை மறந்தீர்கள் என்று தெரிந்துவிடும்.

தம்பி, நீ சொன்ன மாதிரி டைப்ஸ் பட்டியல்ல குளோபல்ஸ் போட்டேன். `டெஸ்க்ரைப்` வந்துட்டு, ஆனா `ப்ராசஸ்` காணாமப் போச்சு. ஒண்ணு வந்தா ஒண்ணு போகுதே?

அக்கா, இது உங்கள் தவறே இல்லை. `டைப்ஸ்` என்ற பட்டியலை எழுதாமல் விட்டிருந்தவரை டைப்ஸ்கிரிப்ட் (5 வரையிலான பதிப்புகள்) பேக்கேஜ்கள் நிறுவப்படும் நோட் மாட்யூல்ஸ் அடைவில் உள்ள `@டைப்ஸ்` பேக்கேஜ்களையெல்லாம் தானாகவே எடுத்துக்கொண்டிருந்தது. `ப்ராசஸ்` என்ற பெயரைத் தரும் நோட்டின் டைப்பும் அப்படித்தான் வந்தது. நீங்கள் பட்டியல் என்று ஒன்று எழுதியதும், பட்டியலில் உள்ளது மட்டும் போதும் என்று நீங்களே சொன்னதாகக் கணக்கு. கல்யாண வீட்டில் பெயர் எழுதிய பந்தி போட்டால் பெயர் இல்லாதவர் உட்கார முடியாதல்லவா, அதுபோல.

ஆகவே பட்டியலில் `நோட்` என்பதையும் சேர்த்து எழுதுங்கள். படங்களை இம்போர்ட் செய்வதற்கும் `இம்போர்ட் டாட் மெட்டா டாட் என்வ்` பயன்படுத்துவதற்கும் வீட்டின் டைப் வேண்டுமென்றால் `வீட்/கிளையண்ட்` என்பதும் அதில் வேண்டும். டெம்ப்ளேட்டில் அது ஏற்கெனவே எங்காவது இருக்கும், அதை அழித்துவிட்டு எழுதாமல் பக்கத்தில் சேருங்கள். நீங்கள் இம்போர்ட் செய்து பயன்படுத்தும் பேக்கேஜ்களின் டைப்புக்கு இந்தப் பட்டியலால் பாதிப்பு இல்லை. உலகப் பொதுவாகத் தெரியும் பெயர்களுக்குத்தான் இந்தக் கெடுபிடி.

டிஎஸ்கான்ஃபிக்னு மூணு ஃபைல் இருக்கே, எதுல எழுதணும்? அதுல ஒண்ணுல `ரெஃபரன்சஸ்`னு வேற இருக்கு. நீங்க சொல்ற ரெஃபரன்ஸ் அதுதானா?

இந்தப் பக்கத்தை எழுத வைத்ததே இந்தக் கேள்விதான். ஒரே சொல், இரண்டு வேலை.

டிஎஸ்கான்ஃபிக்கில் இருக்கும் `ரெஃபரன்சஸ்` ஒரு ப்ராஜெக்ட்டை உட்பிரிவுகளாகப் பிரிக்கும் ஏற்பாடு. அதற்கும் மூன்று சாய்கோட்டுக்கும் உறவு கிடையாது. வீட் டெம்ப்ளேட்டில் தலைமை டிஎஸ்கான்ஃபிக் கிட்டத்தட்ட காலி. "ஆப் என்று ஒன்று, நோட் என்று ஒன்று, அங்கே போய்ப் பார்" என்று கைகாட்டுவது மட்டும்தான் அதன் வேலை. ஆப் டிஎஸ்கான்ஃபிக் எஸ்ஆர்சி அடைவைப் பார்த்துக்கொள்ளும். நோட் டிஎஸ்கான்ஃபிக் வீட் கான்ஃபிக் ஃபைலை மட்டும் பார்த்துக்கொள்ளும். இரண்டும் தனித்தனி வட்டம். ஒரு வட்டத்தில் சேர்த்த டைப் விவரம் அடுத்த வட்டத்துக்குத் தெரியாது.

இனி எதை எங்கே எழுதுவது என்பது எளிது. டெஸ்ட் ஃபைல்கள் எஸ்ஆர்சிக்குள் இருந்தால் `வீடெஸ்ட்/குளோபல்ஸ்` ஆப் டிஎஸ்கான்ஃபிக்கில் போக வேண்டும். தலைமை டிஎஸ்கான்ஃபிக்கில் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். நம்மில் பாதிப்பேர் அங்கேதான் எழுதுகிறார்கள், பெயர் பெரியதாக இருப்பதால். டெஸ்ட்டுகளை எஸ்ஆர்சிக்கு வெளியே `டெஸ்ட்ஸ்` என்ற தனி அடைவில் வைத்திருந்தால் ஆப் டிஎஸ்கான்ஃபிக்கின் `இன்க்ளூட்` பட்டியலில் அந்த அடைவையும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அது எந்த வட்டத்திலும் சேராமல் அநாதையாக நிற்கும். பில்ட்டில் அதன் டைப்பை யாரும் சரிபார்க்கவும் மாட்டார்கள்.

என் ஃப்ரெண்டு ப்ராஜெக்ட்ல ரெஃபரன்ஸ் வரியும் இல்ல, இம்போர்ட்டும் வீட்ல இருந்துதான். ஆனா கோடே வரல. எப்படி?

வட்டத்தைப் பற்றி மேலே சொன்னதில் பதில் இருக்கிறது. அவரிடம் டிஎஸ்கான்ஃபிக் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், கான்ஃபிக் ஃபைலும் மற்றவையும் அதற்குள்ளேயே இருக்கும். டைப் சேர்க்கை ஃபைலுக்கு ஃபைல் தனியாக நடப்பதில்லை. வட்டத்துக்குள் எந்த ஒரு ஃபைல் அதைக் கொண்டுவந்தாலும் வட்டம் முழுக்கத் தெரியும். அவருடைய ப்ராஜெக்டில் வேறு ஏதோ ஒரு ஃபைல் `வீடெஸ்ட்/கான்ஃபிக்`கை இம்போர்ட் செய்திருக்கும்.

அந்த ஃபைலை ஒருநாள் யாராவது அழித்தால் சம்பந்தமே இல்லாத கான்ஃபிக் ஃபைலில் கோடு முளைக்கும். அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நான் டைப்ஸ்கிரிப்ட் பக்கமே போகல. வெறும் ஜாவாஸ்கிரிப்ட். எனக்கும் இது வேணுமா?

கட்டாயம் இல்லை. ஆனால் போட்டால் லாபம். விஎஸ் கோட் ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்களையும் டைப்ஸ்கிரிப்ட்டை வைத்துத்தான் படிக்கிறது. அந்த வரி இருந்தால் `டெஸ்ட்` பகுதிக்குள் தட்டத் தொடங்கியதும் என்னென்ன எழுதலாம் என்ற பட்டியல் விரியும். `என்விரான்மென்ட்` என்பதற்கு ஸ்பெல்லிங் தேட வேண்டாம்.

முன்னாடி ஜெஸ்ட் வச்சிருந்தோம், இப்போ வீடெஸ்ட்டுக்கு மாறிட்டோம். எடிட்டர் ஜெஸ்ட் பேரையே சொல்லிட்டு இருக்கு. பேய் புடிச்ச மாதிரி இருக்குண்ணே.

பேய் `பேக்கேஜ் டாட் ஜேசன்` ஃபைலில் இருக்கிறது. `@டைப்ஸ்/ஜெஸ்ட்` அங்கே இன்னும் கிடக்கும். வீடெஸ்ட் குளோபல்ஸும் ஜெஸ்ட் டைப்பும் `எக்ஸ்பெக்ட்`, `டெஸ்க்ரைப்` என்று ஒரே பெயர்களை உலகப் பொதுவாக அறிவிக்கின்றன. இரண்டும் இருந்தால் எது ஜெயிக்கும் என்று நம்பி உட்கார முடியாது. வீடெஸ்ட்டில் இருக்கிற ஒன்றை இல்லை என்றும், இல்லாத ஒன்றை உண்டு என்றும் எடிட்டர் சாதிக்கும். `ஜெஸ்ட் டாட் எஃப்என்` என்று எழுதினால் எடிட்டர் தலையாட்டும், ஓட்டும்போது விழும். அது வீடெஸ்ட்டில் `விஐ டாட் எஃப்என்`.

ஜெஸ்ட் டைப்பை நீக்குங்கள். வேறு பேக்கேஜ் ஏதாவது அதை இழுத்துக்கொண்டு வந்து நீக்க முடியவில்லை என்றால், முன்பு அக்காவுக்குச் சொன்ன `டைப்ஸ்` பட்டியலை எழுதி அதில் ஜெஸ்ட்டைச் சேர்க்காமல் விடுங்கள். அவரைப் படுத்திய அதே குணம் இங்கே உதவும். சைப்ரஸ் என்ற இன்னொரு டெஸ்ட் கருவியை வைத்திருப்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு, அதன் `எக்ஸ்பெக்ட்` 'சாய்' என்ற நூலகத்தின் வகையைச் சேர்ந்தது. சைப்ரஸ் அடைவுக்குத் தனி டிஎஸ்கான்ஃபிக் வைத்து வட்டத்தைப் பிரித்துவிடுவதுதான் நிம்மதி.

`டுபிஇன்தடாக்குமென்ட்` மட்டும் தெரியாதுங்குது. மத்த மேட்சர் எல்லாம் வருது.

மேட்சர் என்பது `எக்ஸ்பெக்ட்`டுக்குப் பின்னால் வந்து விடையை ஒப்பிடும் ஃபங்ஷன். இது வீடெஸ்ட்டின் மேட்சர் இல்லை, ஜெஸ்ட்-டாம் என்ற தனி நூலகத்துடையது. டெஸ்ட்டுகளுக்கு முன் ஓடும் செட்டப் ஃபைலில் `@டெஸ்டிங்-லைப்ரரி/ஜெஸ்ட்-டாம்/வீடெஸ்ட்` என்று கடைசியில் வீடெஸ்ட் சேர்த்து இம்போர்ட் செய்யுங்கள். அந்த ஒரே இம்போர்ட் ஓட்டுகிறவருக்கு மேட்சரையும் எடிட்டருக்கு டைப்பையும் சேர்த்தே கொடுக்கும். கான்ஃபிக்கில் `செட்டப்ஃபைல்ஸ்` என்பதில் அந்த ஃபைலைச் சொல்ல வேண்டும், அது டிஎஸ் ஃபைலாக இருக்க வேண்டும், ஆப் வட்டத்துக்குள்ளும் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் மறக்கிறார்கள்.

வீட் கான்ஃபிக் தனி, வீடெஸ்ட் கான்ஃபிக் தனின்னு ரெண்டு ஃபைல் வச்சிருக்கேன். ரெண்டுலயும் ரெஃபரன்ஸ் வேணுமா?

இரண்டிலுமே வேண்டாம். வீட் கான்ஃபிக்கில் இப்போது `டெஸ்ட்` பகுதி இல்லை, ஆகவே கேள்வியே எழாது. வீடெஸ்ட் கான்ஃபிக்கில் `டிஃபைன்கான்ஃபிக்`கை `வீடெஸ்ட்/கான்ஃபிக்`கிலிருந்து எடுத்தால் போதும்.

இங்கே பொறி வேறு இடத்தில். இரண்டு ஃபைல் இருந்தால் வீடெஸ்ட் தன் பெயருள்ள ஃபைலை மட்டும் படிக்கும், வீட் கான்ஃபிக்கைத் திரும்பிப் பார்க்காது. ரியாக்ட் ப்ளகின், பாதைச் சுருக்கங்கள் எதுவும் டெஸ்ட்டில் இருக்காது. `மெர்ஜ்கான்ஃபிக்` என்ற ஃபங்ஷனை வைத்து இரண்டையும் நீங்களே சேர்க்க வேண்டும். தனியாகப் பிரிக்க வலுவான காரணம் இல்லையென்றால் ஒரே ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. அப்புறம், அந்தப் புது ஃபைலை நோட் டிஎஸ்கான்ஃபிக்கின் `இன்க்ளூட்` பட்டியலிலும் சேருங்கள்.

ரெஃபரன்ஸ் எல்லாம் சரி. இப்போ `ப்ளகின்ஸ்` கிட்ட கோடு, ப்ளகின் டைப்புக்கு ப்ளகின் டைப் பொருந்தலன்னு சொல்லுது. ரெண்டும் ஒண்ணுதானே?

பெயர் ஒன்று, ஆள் இரண்டு. உங்கள் நோட் மாட்யூல்ஸில் வீட் இரண்டு பதிப்பில் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் நேரடியாக நிறுவியது ஒன்று, வீடெஸ்ட் தனக்காகக் கொண்டுவந்தது இன்னொன்று. ரியாக்ட் ப்ளகின் ஒன்றின் டைப்பைப் பேசுகிறது, `டிஃபைன்கான்ஃபிக்` மற்றதின் டைப்பைப் பேசுகிறது. டெர்மினலில் `என்பிஎம் எல்எஸ் வீட்` அடித்துப் பாருங்கள், இரண்டு எண் தெரியும்.

வீட், வீடெஸ்ட், ப்ளகின் மூன்றையும் ஒத்துப்போகும் பதிப்புக்கு ஏற்றினால் பெரும்பாலும் ஒன்றாகிவிடும். ஏற்ற முடியாத நிலைமை என்றால் பேக்கேஜ் டாட் ஜேசனில் `ஓவர்ரைட்ஸ்` (overrides) எழுதி ஒரே பதிப்பைக் கட்டாயப்படுத்தலாம். கோடு போக வேண்டுமென்று, எந்த டைப்பானாலும் சரி என்று பொருள்படும் `ஆஸ் எனி` போட்டு வாயை அடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் நாளை உண்மையான தப்பு வந்தாலும் தெரியாது.

இஎஸ்லின்ட் மூணு சாய்கோடு போடக்கூடாதுங்குது. ஆவணம் போடுங்குது. யார் பேச்சைக் கேக்க?

இஎஸ்லின்ட் என்பது கோட் எழுதும் விதிகளைச் சரிபார்க்கும் கருவி. அந்த விதியை முழுசாகப் படித்தால் சண்டை இல்லை. டைப்ஸ்கிரிப்ட்-இஎஸ்லின்ட்டின் இந்த விதி, இயல்பு அமைப்பில், டைப்ஸ் ரெஃபரன்ஸை அடியோடு தடுப்பதில்லை. அதே பேக்கேஜ் பாதையை நீங்கள் அந்த ஃபைலிலேயே இம்போர்ட்டும் செய்திருந்தால்தான், "இம்போர்ட்டே போதுமே, இது எதற்கு" என்று கேட்கும். அதாவது `வீடெஸ்ட்/கான்ஃபிக்`கிலிருந்து `டிஃபைன்கான்ஃபிக்` எடுத்துவிட்டு மேலே ரெஃபரன்ஸும் போட்டிருப்பீர்கள். ரெஃபரன்ஸை எடுத்துவிடுங்கள். உங்கள் கம்பெனியில் விதியை இறுக்கி எல்லா ரெஃபரன்ஸையும் தடுத்து வைத்திருந்தால், அப்போதும் இம்போர்ட் வழிதான்.

நான் எழுதின டைப்பே சரியான்னு வீடெஸ்ட்ட வச்சே டெஸ்ட் பண்ண முடியுமா?

முடியும். `வீடெஸ்ட் --டைப்செக்` என்று ஓட்டினால் அது பின்னால் டிஎஸ்சியை அழைத்து டைப் சரிபார்ப்புக்கான ஃபைல்களைப் பார்க்கும். சாதாரணமாக அவற்றின் பெயர் `டெஸ்ட்-டி டாட் டிஎஸ்` என்று முடியும். அதில் `எக்ஸ்பெக்ட்டைப்ஆஃப்` வைத்து, ரப்பர் கணக்கு ஃபங்ஷன் எண்ணைத்தான் திருப்பித் தருகிறதா, சில சமயம் எழுத்தைத் தருகிறதா என்று பிடிக்கலாம். எங்கள் ப்ராஜெக்டில் அப்படிப் பிடித்தது ஒன்று உண்டு. ஒரு பையன் விடையை இரண்டு தசமத்துக்கு வெட்டுவதற்காக `டுஃபிக்ஸ்ட்` போட்டிருந்தான். அது 12.80 என்று எழுத்தாகத் திருப்பிக் கொடுத்தது. திரையில் பார்க்க மிகச் சரி. அன்றைய மொத்தத்தோடு கூட்டும்போது 12.80-உம் 9.60-உம் கூடாமல் 12.809.60 என்று ஒட்டிக்கொண்டு நின்றன.